தவளமும் தலைச்சுமையும்: மாத்தளை மாவட்டத்து இரு சமூகங்கள்

வடக்கிலிருந்து இலங்கையின் மத்திய மலைநாட்டுக்கு வருபவன் முதலில் மிதிக்கும் மலைநிலம் மாத்தளையாகும். தம்புள்ளையின் வரண்ட சமவெளியைக் கடந்து, நாலந்தை வழியாகத் தெற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை மெல்ல மெல்ல மேலேறி, கொக்கோவும் மிளகும் இறப்பரும் செறிந்த சரிவுகளுக்கிடையே நகரை அடைகின்றது. இப்பாதை இருவகை மனிதரை இம்மாவட்டத்துக்குக் கொண்டுவந்தது. ஒரு சாரார் பொதிமாடுகளின் பின்னால் நடந்து வந்தனர். மறு சாரார் பொதிகளைத் தம் தலைமேலேயே சுமந்து வந்தனர். முன்னவர் முஸ்லிம்கள், பின்னவர் பெருந்தோட்டத் தொழிலுக்கென வந்த தமிழர். இருவருக்கும் வீட்டு மொழி தமிழ். இருவரையும் நோக்கி, “நீங்கள் எப்பொழுது வந்தவர்கள்?” என்ற வினா தலைமுறைதோறும் எழுப்பப்பட்டு வந்திருக்கின்றது. எனினும் அவர்களது பொருளாதார வாழ்வும் சமூக வாழ்வும் ஒன்றினின்றொன்று பெரிதும் வேறுபட்டன. அவ்வேறுபாடு எங்ஙனம் தோன்றியது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மாத்தளை மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 484,000 ஆகும். அதில் ஐந்தில் நான்கு பங்கினர் சிங்களவர். சோனகர் நூற்றுக்கு ஒன்பது பேரளவினர். இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் எனத் தனித்தனியே பதியப்பட்டோர் நூற்றுக்கு ஐவர் என்ற அளவில் உள்ளனர். இப்பதிவுகளைச் சற்று ஐயத்துடன் நோக்குதல் வேண்டும். இலங்கைத் தமிழர் எனப் பதிந்தோருள் கணிசமானோர் தோட்டங்களிலிருந்து வெளியேறிய குடும்பத்தினரே. ‘இந்திய’ என்னும் அடைமொழி தமக்கு என்னென்ன செய்தது என்பதைப் பட்டறிந்தவர்கள், வாய்ப்புக் கிடைத்தபோது அதனைக் களைந்துவிட்டனர்.

இவ்விரு சமூகங்களையும் ஒப்பிட்டு வழங்கும் பேச்சு ஒன்று கடைவீதிகளில் மட்டுமன்றிப் படித்தோர் மத்தியிலும் உண்டு. முஸ்லிம்கள் முயற்சியும் சிக்கனமும் உடையோர், ஆதலால் உயர்ந்தனர். தோட்ட மக்கள் அன்றாடம் உழைத்ததை அன்றே செலவிடுவோர். சாராயத்துக்கும் திருவிழாவுக்கும் இறைப்போர். ஆதலால் லயத்திலேயே தங்கினர் என்பது அப்பேச்சின் சாரம். ஒரு மக்கட் கூட்டத்தின் வறுமைக்கு அதன் குணத்தையே காரணமாகக் காட்டும் இவ்விளக்கம் எளிமையானது. அதனாலேயே பலருக்கும் உவப்பானது. அதிகாலை ஐந்து மணிக்கெழுந்து, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, அட்டை கடிக்கும் மலைச்சரிவில் அந்திவரை நிற்கும் பெண்ணுக்கு முயற்சி போதாது என்று கூறுவோர் அம்மலையில் ஒருநாளேனும் ஏறிப் பார்த்தவர்களாக இருக்க முடியாது. உண்மைக் காரணத்தை வேறிடத்தில் தேடுதல் வேண்டும்.

முஸ்லிம்கள் மலைநாட்டினுட் புகுந்த காலத்தில் அங்கு ஓர் அரசன் இருந்தான். போர்த்துக்கேயர் 1626ஆம் ஆண்டளவில் தம் ஆட்சிக்குட்பட்ட கரையோரங்களிலிருந்து அவர்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அடைக்கலம் அளித்தான். பெருந்தொகையினர் மட்டக்களப்புப் பகுதியிற் குடியமர்த்தப்பட்டனர். ஏனையோர் கண்டி இராச்சியத்தின் உட்பகுதிகளிற் பரவினர். அரசனுக்கு அவர்கள் தேவைப்பட்டனர் என்பதை இங்கு மனங்கொள்ளல் வேண்டும். கடற்கரை அந்நியர் கையிலிருந்த காலத்தில், உப்பும் கருவாடும் துணியும் மலைக்கு வரவேண்டும்; பாக்கும் மிளகும் கரைக்குப் போகவேண்டும். இப்போக்குவரத்து தவளம் எனப்பட்ட பொதிமாட்டுக் கூட்டங்களால் நிகழ்ந்தது. இதற்கென ‘மடிகே’ என்னும் தனித் திணைக்களத்தை அரசு வைத்திருந்தது. அதில் முஸ்லிம்கள் சேவை செய்தனர். நிலமானிய முறைப்படி சேவைக்கு ஈடாகக் காணி கிடைத்தது. பேராசிரியர் லோர்ணா தேவராஜா 1994இல் வெளியிட்ட இலங்கை முஸ்லிம்கள் பற்றிய ஆங்கில நூலில் இவ்வமைப்பை விரிவாக எடுத்துக் காட்டியுள்ளார்.

இதன் விளைவு யாது? ஆங்கிலேயர் 1815இல் கண்டியைக் கைப்பற்றியபோது, மலைநாட்டு முஸ்லிமுக்கு ஏற்கனவே ஒரு துண்டு வயலோ தோட்டமோ இருந்தது. கிராமத்துக்கு ஒரு பெயர் இருந்தது. தொழுவதற்குப் பள்ளிவாசல் இருந்தது. சிங்கள அயலவனோடு கொடுக்கல் வாங்கல் இருந்தது. அவனுடைய தொழில் மாட்டுடனும் பாதையுடனும் பிணைந்திருந்ததாயினும், அவனது இருப்பு அத்தொழிலில் மட்டும் தங்கியிருக்கவில்லை. கண்டிச் சாலைகள் திறக்கப்பட்டபின் தவளத்துக்கு வேலை குறைந்தது. 1880இல் புகையிரதம் மாத்தளையை அடைந்தபோது பொதிமாட்டின் காலம் முடிவுற்றது. ஒரு தொழில் அழிந்தது. ஆனால் அத்தொழிலைச் செய்தவர்கள் அழியவில்லை. மாட்டை விற்றவர்கள் வண்டி வாங்கினர். வண்டிக்காரரின் பிள்ளைகள் கடை வைத்தனர். கடை நொடித்தவர் ஊருக்குத் திரும்பிப் பாக்கும் மிளகும் பறித்தார். திரும்புவதற்கு ஓர் ஊர் இருந்தமையே இங்கு முக்கியமானது.

தலைச்சுமையுடன் வந்தவர்களின் வரலாறு இதற்கு நேர்மாறானது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம், உறுதியில்லாத காடுகளையும் மேட்டுநிலங்களையும் அரசுடைமையாக்கிற்று. அந்நிலங்கள் கோப்பிச் செய்கைக்கு ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டன. நிலத்தை இழந்த சிங்களக் குடியானவனின் சினமும் புதிய வரிகளின் சுமையும் சேர்ந்து 1848இல் மாத்தளையிற் கிளர்ச்சியாக வெடித்தன. அக்கிளர்ச்சி பற்றி எழுதப்பட்டவை பல. ஆனால் அதே தசாப்தத்தில் அதே காடுகளை வெட்டுவதற்கு இராமநாதபுரம், மதுரை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து நடந்து வந்தோரைப் பற்றி எழுதப்பட்டவை குறைவு. மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாகக் காட்டுப்பாதையில் நடந்த அவர்களுள் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பசிக்கும் பலியானோர் பலர். உயிருடன் எஞ்சியோர் மாத்தளையை அடைந்து, அங்கிருந்து மலையெங்கும் பிரிந்து சென்றனர்.

அவர்கள் மாரியம்மனையும் உடன் கொண்டுவந்தனர். நோயைத் தருபவளும் தீர்ப்பவளும் அவளேயாதலால், அந்தப் பாதையில் வேறெந்தத் தெய்வத்தைவிடவும் அவளே தேவைப்பட்டாள். மாத்தளை முத்துமாரியம்மன் கோவில் மரத்தடி வழிபாடாகத் தொடங்கிப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நாட்டுக்கோட்டைச் செட்டிமாரின் பொருளுதவியுடன் கட்டடமாக எழுந்தது. மாசி மகத்தன்று ஐந்து தேர்கள் நகர்வலம் வரும் அத்திருவிழாவில் தோட்டங்கள் யாவும் நகருக்கு இறங்கும். இந்திய வம்சாவளித் தமிழர் என்று ஒரே பெயரால் அழைக்கப்படுவோருள்ளும் பணம் கொடுத்தவர் வேறு, வடம் பிடித்தவர் வேறு என்பதையும் அத்தேரே நினைவூட்டும். செட்டிமாரின் கதை தனிக் கட்டுரைக்குரியது.

வந்தவர்கள் கூலியை மட்டும் எதிர்பார்த்து வந்தனர். கிடைத்தது கூலி மட்டுமன்று. ஒரு முழு வாழ்க்கையும் ஒரே கையிலிருந்து கிடைத்தது. அங்கேதான் சிக்கல் தொடங்கிற்று. வேலை தோட்டத்தினுடையது. பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவும் அதன் முன்னுள்ள இஸ்தோப்பும் தோட்டத்தினுடையன. அரிசி தோட்டத்துக் கணக்கில் வந்தது. அதன் விலை கூலியிற் கழிந்தது. மருந்து தோட்டத்தினது, பிள்ளைமடுவம் தோட்டத்தினது, பள்ளிக்கூடம் என்று ஒன்று இருந்தால் அதுவும் தோட்டத்தினது. இறந்தவரைப் புதைக்கும் நிலமும் தோட்டத்தின் எல்லைக்குள்ளேயே இருந்தது. கோவில்கூடத் துரையின் அனுமதியுடன் தோட்டக் காணியில் எழுந்ததேயாகும். ஒரு தோட்டத்தை விட்டு வேறொன்றுக்குச் செல்ல வேண்டுமாயின், கங்காணிக்குள்ள கடனைக் குறிக்கும் ‘துண்டு’ வேண்டும். அத்துண்டு முறை 1921இலேதான் சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

முஸ்லிமின் வாழ்வு பல கைகளிற் பரந்திருந்தது. தோட்டத் தொழிலாளியின் வாழ்வு ஒரு கைக்குள் அடங்கியிருந்தது. பின்வந்த வேறுபாடுகள் பெரும்பாலும் இதனின்றே பிறந்தன. பல கைகளில் இருப்பவனிடமிருந்து ஒன்றைப் பறித்தால் மற்றொன்று எஞ்சும். ஒரு கைக்குள் இருப்பவனை அக்கை விட்டால், அவன் வேலையை மட்டும் இழப்பதில்லை. அன்றிரவு படுக்கும் இடத்தையும் இழக்கின்றான். வேலை நிறுத்தம் செய்பவன் வீட்டையும் பணயம் வைக்கின்றான். சேமித்து ஒரு சுவரைக் கட்டலாமென்றால் அச்சுவர் தோட்டத்துக்குச் சொந்தம். அத்தகைய இடத்தில் பணத்தை நகையாக்குவதோ திருவிழாவிற் செலவிடுவதோ அறிவீனமன்று. முதலீடு செய்ய வேறு வழியில்லாதவன் சுற்றத்தின் நல்லெண்ணத்திலேனும் முதலிடுகின்றான். ஊதாரித்தனம் என்று பழிக்கப்படும் செலவை இக்கோணத்தில் நோக்கியோர் சிலரே.

இவ்விரு சமூகங்களும் ஒன்றையொன்று அறியாது வாழ்ந்தன என்று எண்ணுதல் தவறு. றத்தோட்டை, எல்கடுவை, உக்குவெலைப் பகுதித் தோட்டங்களைச் சூழ்ந்த சிறுநகர்களில், சம்பள நாளன்று இரண்டும் ஒரு கடைப் பலகையின் இருபுறத்திலும் நின்றன. அப்பலகையின் மீது ஒரு கொப்பி கிடக்கும். கடைக்காரர் முஸ்லிமாக இருக்கலாம்; சிங்களவராகவோ தமிழராகவோ இருக்கலாம். எனினும் மாத்தளைப் பக்கத்தில் அவர் முஸ்லிமாக இருந்தமை மிகப் பரவலான அனுபவம். “நானா, இதையும் எழுதிக்கொள்ளுங்கள்” என்று அவள் சொல்வாள். “போன மாதத்துப் பாக்கி இருக்குதே, தங்கச்சி” என்று சொல்லிக்கொண்டே அவர் எழுதுவார். அரிசி, மா, தேங்காயெண்ணெய், கருவாடு, தீபாவளிச் சேலை, மகளின் சடங்குக்குரிய சாமான்கள் ஆகிய அனைத்தும் அந்த வரிகளில் அடங்கும். இலங்கைத் தமிழில் கோப்பி என்பது பானம். கொப்பி என்பது குறிப்பேடு. கோப்பி அவர்களை இம்மலைக்குக் கொண்டுவந்தது. கொப்பி அவர்களை இக்கடைக்குக் கட்டிவைத்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் அது முழு வேடிக்கையுமன்று.

இக்கொப்பியைச் சுரண்டலின் கருவியென்று மட்டும் எழுதிவிடுதல் எளிது. கடனுக்கு வாங்குபவளுக்குப் பண்டத்தின் விலை சற்றுக் கூடுதலாகவே இருந்தது. வட்டி என்ற சொல் எழுதப்படாவிட்டாலும் அது விலைக்குள் ஒளிந்திருந்தது. எழுத்தறியாத காலத்தில் கொப்பியில் என்ன எழுதப்பட்டது என்பதை அவள் அறிய வழியில்லை. இவை உண்மை. எனினும் வங்கி அவளுக்குக் கடன் தரவில்லை. தரக்கூடியவளாக அவளை எந்தச் சட்டமும் ஆக்கவுமில்லை. மழையால் வேலைநாள் குறைந்த மாதத்தில் அடுப்பெரிந்தது அந்தக் கொப்பியினாலேதான். கடைக்காரரின் நிலையும் எண்ணத்தக்கது. அவருக்கும் நகரத்து மொத்த வியாபாரியிடம் ஒரு கொப்பி இருந்தது. தோட்டத்தில் சம்பளம் பிந்தினால் அவர் அங்கே வாய்தா கேட்பார். மேலே ஓர் ஏணி இருந்தது. அதன் கடைசிப் படியில் நின்றவளுக்குக் கீழே நிலமில்லை. வேறுபாடு அவ்வளவே, ஆனால் அது சிறிதன்று.

சுதந்திரம் இவ்வேறுபாட்டைச் சட்டமாக்கிற்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தந்தை இலங்கையிற் பிறந்தவன் என்பதை, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்பதை நிறுவும்படி கேட்டது. பருவத்துக்குப் பருவம் கடல் கடந்து போய் வந்த குடும்பங்களிடம் அத்தகைய பத்திரங்கள் இருக்கவில்லை. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டம் திறந்த கதவு மிக ஒடுங்கியது. அதே ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தம் வாக்குரிமையையும் பறித்தது. 1947இல் பாராளுமன்றத்துக்கு ஏழு பிரதிநிதிகளை அனுப்பிய மக்கள் 1952இல் ஒருவரையும் அனுப்ப இயலவில்லை. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 975,000 பேரைப் பண்டங்களைப் போல இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது: இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, மீதி 150,000 பேரின் கணக்கு 1974இல் சரிபாதியாகத் தீர்க்கப்பட்டது.

முஸ்லிம்களுள்ளும் இச்சட்டம் ஒரு கோடு கிழித்தது. குடிசன மதிப்பீடுகளில் இந்தியச் சோனகர் எனத் தனியே எண்ணப்பட்டு வந்த தென்னிந்தியக் கரையோர வியாபாரிகள் அயலவராயினர். பலர் கடைகளைக் கைமாற்றிவிட்டுத் திரும்பினர். ஆனால் இலங்கைச் சோனகர் என்று ஏற்கப்பட்டோருக்குத் தந்தையின் பிறப்பை நிறுவ ஊர் இருந்தது. பள்ளிவாசலின் விவாகப் பதிவு இருந்தது. காணி உறுதியில் பாட்டனின் பெயர் இருந்தது. அதற்கும் முன்னரே அவர்களது தலைவர்கள் தோற்றம் பற்றிய விவாதத்தை நடத்தி முடித்திருந்தனர். 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டபோது, அதனை மறுத்து ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் நூல் வெளியிட்டார். அவ்விவாதத்தில் எவர் கூற்று வரலாற்றுக்கு நெருங்கியது என்பது வேறு வினா. சட்டசபையில் தனிப் பிரதிநிதித்துவத்துக்கு உரிமையுள்ள சமூகம் எது என்பதே அதன் அடியிலிருந்த வினா. ‘வந்தவர்கள்’ என்பதை ஒரு சமூகம் பெருமைக்குரிய அரபு மரபாக எழுதிக்கொள்ள முடிந்தது. மற்றதற்கு அதுவே குற்றப்பத்திரிகையாயிற்று. எழுதும் கை எவரிடம் இருந்தது என்பதே இதற்குக் காரணம்.

ஒப்பந்தத்தின் பின் மாத்தளைத் தோட்டங்களில் நிகழ்ந்ததைச் சொல்லாமல் விடுதல் இயலாது. 1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. நுவரெலியாவின் பரந்த தேயிலைத் தோட்டங்களைப் போலன்றி, நடுமலைநாட்டுத் தோட்டங்கள் சிறியன. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடப்பன. அவற்றுட் பல துண்டாடப்பட்டுக் கிராமத்தவருக்குப் பகிரப்பட்டன. நிலமற்றவருக்கு நிலமென்னும் நோக்கம் நியாயமானதே. ஆயினும் அந்நிலத்தில் மூன்று தலைமுறையாக உழைத்தோர் நிலமற்றோர் பட்டியலிற் சேர்க்கப்படவில்லை. அவர்கள் குடிமக்களே அல்லர் என்பது விடையாக இருந்தது. பலர் லயங்களிலிருந்து விரட்டப்பட்டனர். 1973, 1974 ஆண்டுகளில் தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. பெட்டிகளைக் கட்டிக்கொண்டு தலைமன்னாருக்குப் புகையிரதமேறியோர், பாட்டன் நடந்து வந்த திசையிலேயே திரும்பினர். இந்தியாவில் மண்டபம் முகாமும் நீலகிரித் தேயிலையும் அவர்களுக்காகக் காத்திருந்தன. அங்கே அவர்களுக்கு ‘சிலோன்காரர்’ என்று பெயர். 1946இல் இந்நாட்டு மக்களில் நூற்றுக்குப் பன்னிருவர் அளவில் இருந்த இந்தியத் தமிழர், 1981இல் ஐந்தரைப் பேராயினர். 2012இல் நால்வர் அளவினராயினர். எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரசாவுரிமை 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்களால் வழங்கப்பட்டது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஒரு சமூகத்தின் வாழ்வில் இரண்டு தலைமுறைகளாகும்.

கல்வியிலும் இதே கதைதான். கண்டியில் வழக்கறிஞராக விளங்கிய எம். சி. சித்திலெப்பை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கி, நவீன கல்வி வேண்டுமென்று தம் சமூகத்துடன் வாதாடினார். அம்முயற்சியின் வழியில் கொழும்பில் ஸாஹிறாக் கல்லூரி வளர்ந்தது, ரி. பி. ஜாயா அதிபராயிருந்த காலத்தில் மாத்தளையிலும் கம்பளையிலும் அதன் கிளைகள் தோன்றின. பின்னர் பதியுத்தீன் மஹ்மூத் கல்வி அமைச்சராயிருந்தபோது முஸ்லிம் பாடசாலைகள் அரசின் ஆதரவுடன் பெருகின. சமூகத்துக்குள்ளிருந்து எழுந்த தலைமை, வணிகரின் பொருள், வாக்குரிமையால் வந்த அமைச்சுப் பதவி ஆகிய மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்தன. தோட்டப் பிள்ளைக்கோ, 1920ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் துரைமாரின் மீது சுமத்திய கடமையாகவே பள்ளிக்கூடம் வந்தது. கொழுந்து பறிக்கும் கை எழுதப் பழகுவதில் தோட்டத்துக்கு என்ன ஆதாயம்? ஒரே மண்டபம், ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்பு என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது. 1970களின் பிற்பகுதியிலேதான் அரசு அப்பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கிற்று.

முஸ்லிம்களெல்லோரும் செல்வர் என்று இதிலிருந்து கொள்ளலாகாது. வணிகச் சமூகம் என்ற பெயர் அவர்களுள் உள்ள வறியோரை மறைத்துவிடுகின்றது. மாத்தளை மாவட்டத்து முஸ்லிம் கிராமங்களில் கூலிவேலை செய்வோரும், தையல் தைப்போரும், துணி மூட்டையைச் சுமந்து தோட்டந்தோட்டமாக ஏறுவோரும் மிகுதி. லயத்துப் படியில் மூட்டையை அவிழ்ப்பவனுக்கும் அங்கு சேலையைத் தடவிப் பார்ப்பவளுக்கும் வருவாயில் பெரும் தூரமில்லை. பெண்கள் விடயத்தில் ஒப்பீடு தலைகீழாகவும் நிற்கும். தோட்டத்துப் பெண் மலைநாட்டின் முதல் கூலிப் பெண். தன் உழைப்பால் நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டியவள். ஆயினும் 1984வரை ஆணுக்குச் சமமான கூலி அவளுக்குக் கிடைக்கவில்லை. முஸ்லிம் பெண்ணுக்கு வீடு சொந்தமாயிருந்தது. வீட்டுக்கு வெளியே உழைக்கும் உரிமையை அவள் நெடுங்காலம் கேட்க வேண்டியிருந்தது. எவள் நிலை மேலானது என்று தீர்ப்புக் கூறுவது ஆண்கள் எழுதும் கட்டுரைகளில் எளிதாக நிகழ்கின்றது.

காணியும் பத்திரமும் முற்றான காப்பு என்றும் கொள்ளலாகாது. 1915இல் கண்டியிற் தொடங்கிய கலவரத்தில் எரிந்தவை முஸ்லிம்களின் கடைகள். 1983 யூலையில் மாத்தளை நகரில் எரிந்தவை தமிழரின் கடைகள். முத்துமாரியம்மன் கோவிலும் அத்தீக்குத் தப்பவில்லை. 2012 ஏப்ரலில் இம்மாவட்டத்துத் தம்புள்ளையில், புனித பூமி என்று கூறிப் பள்ளிவாசலை அகற்றக் கோரிய கூட்டம் அதனுட் புகுந்தது. அதே புனித பூமியின் பேரால் அங்கிருந்த பத்திரகாளியம்மன் கோவில் 2013இல் இடிக்கப்பட்டது. தவளத்தில் வந்தவனும் தலைச்சுமையுடன் வந்தவனும் அவ்வூரில் ஒரே ஆணையைப் பெற்றனர். அதன் பின்னரும் இரு சமூகங்களும் ஒன்றுகூடி அதைப் பற்றி அதிகம் பேசியதாகத் தெரியவில்லை. கடன் கொடுத்தவனும் வாங்கியவனும் அயலவராயிருத்தல் எளிது, தோழராதல் அரிது.

இலக்கியத்தில் அவ்வருமை சற்றுக் குறைந்திருந்தது எனலாம். மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன், மாத்தளை கார்த்திகேசு என்று தோட்ட வாழ்விலிருந்து வந்த எழுத்தாளர் பலர் ஊரைத் தம் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டனர். உறுதியில் இல்லாத ஊர் பெயரிலேனும் இருக்கட்டும் என்று எண்ணினரோ என்னவோ. அதே மாவட்டத்து முஸ்லிம் கவிஞரும் தம்மைப் பண்ணாமத்துக் கவிராயர் என்றே அழைத்துக்கொண்டார்.

மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைவுற்றதை நினைவுகூர்ந்து, 2023 யூலை 28ஆம் நாள் தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபயணம் தொடங்கி, ஆகத்து 12ஆம் நாள் மாத்தளையில் நிறைவெய்தியது. மூதாதையர் நடந்த அதே பாதையில் பதினாறு நாட்கள் அவர்கள் நடந்தனர். காணியுரிமையும் நியாயமான கூலியும் தங்களைச் சமமான குடிமக்களாக ஏற்றலுமே அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் முதன்மையானவை. 2021இல் நாட்கூலி ஆயிரம் ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டதற்குப் பின்னால் ஆறாண்டுப் போராட்டம் இருந்தது. ஏழு பேர்ச் காணியில் தனிவீடு என்ற திட்டத்தில் வீடுகள் எழுந்துள்ளன. ஆயினும் லயங்களில் வாழ்வோர் தொகை இன்னும் பெரிது. பிரதேச சபைகள் தோட்டத்துக்குள் பாதை போடுவதற்கிருந்த சட்டத்தடைகூட 2018இலேதான் திருத்தப்பட்டது.

இளைஞர் இத்தாமதங்களுக்காகக் காத்திருக்கவில்லை. தோட்டத்திற் பிறந்த இளைஞன் இன்று மலையேறுவதில்லை. பேருந்தேறி நகருக்குச் செல்கின்றான். மாத்தளையிலும் கண்டியிலும் கொழும்பிலும் உள்ள புடவைக் கடைகளிலும் பலசரக்குக் கடைகளிலும் முதலில் ஏவலாளாகவும் பின்னர் விற்பனையாளனாகவும் நிற்கின்றான். அக்கடைகளுட் பல முஸ்லிம்களுடையவை. பாட்டியின் பெயர் எழுதப்பட்ட கொப்பியின் மறுபக்கத்தில் பேரன் நிற்கின்றான். சிங்களம் பழகுகின்றான், மொத்த விலையும் சில்லறை விலையும் அறிகின்றான், கடன் கேட்போரின் முகத்தைப் படிக்கக் கற்கின்றான். பத்தாண்டுகள் கழித்துத் தானே ஒரு சிறு கடை திறக்க எண்ணும்போது வங்கி அவனிடம் கேட்பது, முதலாளியின் மகனிடமும் கேட்கும் அதே பத்திரத்தைத்தான். முதலாளியின் மகன் தந்தையின் காணி உறுதியை எடுத்து வருகின்றான். அவனோ தோட்ட நிருவாகத்திடமிருந்து, இன்ன லயத்தில் இன்ன இலக்கக் காம்பராவில் வசிப்பவன் என்ற கடிதத்தைக் கொண்டு வருகின்றான்.

அக்கடிதங்களுக்கும் ஒரு வழியுண்டு. தோட்டங்களுக்குரிய தபால் நெடுங்காலமாக வீடுகளுக்கு வந்ததில்லை. தோட்டக் காரியாலயத்திற் குவிந்து, கையில் எவரேனும் கொண்டு வரும்போதே வந்தது. நேர்முகப் பரீட்சை முடிந்தபின் அழைப்புக் கிடைத்தோரும், பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் பிந்தியோரும் ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டு. ஆதலால் விண்ணப்பப் படிவங்களில் முகவரி என்ற இடத்தில், தாய் அரிசி வாங்கும் கடையின் பெயரை எழுதிவிடும் மாணவர்கள் இருக்கின்றனர். கடிதம் வந்ததும் நானா அதனைக் கொப்பிக்குள் வைத்துவிடுவார்; சம்பள நாளன்று அவள் வரும்போது, கணக்குப் பார்ப்பதற்கு முன் முதலில் அதை எடுத்துக் கொடுப்பார்.